மெர் தீவின் வரப்புகள்: மாபோ வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

கொடி நட்டவனுக்கு நாடு சொந்தம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நாட்டில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களின் தோட்டம் துரவும் கொடியோடு சேர்ந்து அவனுக்குப் போய்விடுமா? சிட்னி துறைமுகத்தில் பிரிட்டிஷ் கொடி ஏறியது 1788-ல். "அப்படிப் போய்விடாது" என்று ஆஸ்திரேலியாவின் கடைசி நீதிமன்றம் சொன்னது 1992 ஜூன் 3-ல். இடையில் இரு நூற்றாண்டுகள் ஓடிவிட்டன. வழக்கின் பெயர் மாபோ எதிர் குயின்ஸ்லாந்து மாநிலம், எண் 2.

முதலில் அந்த நீதிமன்றத்தைப் பற்றிக் கொஞ்சம். நமக்கு ஹை கோர்ட் என்றால் அதற்கு மேலே டெல்லி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் இருக்கும் ஹை கோர்ட்தான் உச்சம், அதற்கு மேல் எதுவும் கிடையாது. இந்த நிலை முழுமையாக வந்து சேர்ந்ததே 1986-ல்தான். அதுவரை மாநில நீதிமன்றங்களிலிருந்து, பிரிட்டிஷ் பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு போகும் வழி திறந்தே இருந்தது. இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அது முக்கியம். ஏனென்றால் இதில் உடைக்கப்பட்ட பொய்க்கு லண்டனின் முத்திரை இருந்தது. 1889-ல், கூப்பர் எதிர் ஸ்டூவர்ட் வழக்கில், நியூ சவுத் வேல்ஸ் என்பது நிலையான குடிகளோ நிலையான சட்டமோ இல்லாமல் ஏறக்குறைய காலியாகக் கிடந்த நிலம் என்று பிரிவி கவுன்சில் எழுதிவைத்தது. இத்தனைக்கும் அந்த வழக்கில் பூர்வகுடிகள் ஒருவர்கூடக் கட்சிக்காரர் இல்லை. அரசு கொடுத்த ஒரு நில மானியத்தின் நிபந்தனை பற்றிய வேறு ஏதோ தகராறு அது. போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, ஒரு கண்டத்தின் மக்களையே சட்டத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது.

சட்டத்தில் இதற்கு லத்தீனில் 'டெர்ரா நல்லியஸ்' என்று பெயர். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் என்று பொருள். தமிழில் யோசித்தால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது 'புறம்போக்கு' என்ற சொல். மேய்ச்சலுக்கும் குளத்துக்கும் களத்துக்கும் ஊரே சேர்ந்து புழங்கிய நிலம், தீர்வைக் கணக்குக்கு வெளியே நின்ற ஒரே காரணத்தால் நாளடைவில் யாருக்கும் உரியதல்லாத வெறும் நிலமாகப் பேசப்பட்டது. கணக்கில் இல்லாததால் உரிமையும் இல்லை என்ற அந்த மனப்போக்கைப் பார்த்துப் பழகியவர்களுக்கு மாபோ வழக்கு அந்நியமாகத் தோன்றாது.

தீவும் மனிதரும்

ஆஸ்திரேலியாவின் வடமுனைக்கும் நியூ கினிக்கும் நடுவே டோரஸ் நீரிணை. அதன் கிழக்கோரத்தில் மர்ரே தீவுகள் என்று மூன்று சின்னத் தீவுகள்: மெர், டாவார், வையர். மூன்றும் சேர்ந்து சுமார் 9 சதுர கிலோமீட்டர்தான். பெரிய தீவான மெரின் நீளம் 3 கிலோமீட்டரைக்கூடத் தொடாது. அங்கே வாழும் மெரியம் மக்கள் தோட்டக்காரர்கள், கடலோடிகள். இந்தத் தீவுகளை 1879-ல் குயின்ஸ்லாந்து தன்னோடு இணைத்துக்கொண்டது.

எடி கொய்க்கி மாபோ 1936-ல் மெரில் பிறந்தவர். பிறந்த சில நாட்களிலேயே தாய் இறந்துபோக, தாய்மாமன் பென்னி மாபோ எடுத்து வளர்த்தார். மெரியம் வழக்கப்படி அது முறையான தத்து. இந்தத் தத்து பின்னால் நீதிமன்றத்தில் அவருக்கு எவ்வளவு வேதனை தரப்போகிறது என்பதை அப்போது யார் நினைத்திருப்பார்கள்? பிழைப்புக்காகப் பெருநிலத்துக்கு வந்து பல வேலைகள் செய்து, கடைசியில் டவுன்ஸ்வில் நகரத்தின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தில் தோட்டப் பராமரிப்பு வேலையில் சேர்ந்தார். 1970-களின் தொடக்கத்தில் பென்னி மாபோ சாகக் கிடந்தபோது, அவரைப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பிய எடிக்குத் தீவில் இறங்க அனுமதி மறுக்கப்பட்டது. தகப்பனின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்கக்கூட முடியவில்லை.

1974 வாக்கில் ஒரு நாள் மதியச் சாப்பாட்டின்போது வரலாற்றாசிரியர்கள் ஹென்றி ரெனால்ட்ஸிடமும் நோயல் லூஸிடமும் மாபோ தம் ஊர் நிலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம், அந்த நிலம் சட்டப்படி அவருடையது அல்ல, அரசுக்குச் சொந்தம் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். மாபோவால் நம்பவே முடியவில்லை. பதினாறு தலைமுறைப் பெயரை ஒப்பிக்கத் தெரிந்த மனிதரிடம் போய், உன் நிலம் உன்னுடையதல்ல என்றால் எப்படி நம்புவார்?

கோவ் வழக்கின் நிழல்

இதே கேள்வி 1971-ல் ஒரு முறை நீதிமன்றம் ஏறித் தோற்றிருந்தது. வட ஆட்சிப்பகுதியின் கோவ் தீபகற்பத்தில் பாக்சைட் சுரங்கத்துக்கு எதிராக அங்குள்ள பூர்வகுடிகளான யோல்ஙு மக்கள் தொடுத்த மிலிர்பம் எதிர் நபால்கோ வழக்கு அது. நீதிபதி பிளாக்பர்ன் நேர்மையானவர்தான். அம்மக்களிடம் நுட்பமான சட்ட ஒழுங்கு இருக்கிறது, அது மனிதர்களின் ஆட்சியல்ல, சட்டங்களின் ஆட்சி என்றே எழுதினார். எழுதிவிட்டு, நிலம் குலத்துக்குச் சொந்தம் என்பதைவிடக் குலம் நிலத்துக்குச் சொந்தம் என்று சொல்வதே எளிது, ஆகவே இது சொத்துரிமை ஆகாது என்று முடித்தார். நிலத்தோடு இருந்த உறவு ஆழமாக இருந்ததே அவர்களுக்கு எதிரான வாதமாகிவிட்டது. அந்த வழக்கு ஹை கோர்ட்டுக்கு மேல்முறையீடு போகவில்லை.

அதனால்தான் அடுத்த வழக்கு மெரிலிருந்து வந்தது நல்ல வியூகம் என்று நினைக்கிறேன். மெரில் தோட்டங்கள் இருந்தன. ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் உண்டு, எல்லை உண்டு, எல்லையைக் காட்ட மரமும் கல்லும் உண்டு. அப்பனுக்குப் பின் பிள்ளை என்று கைமாறும் முறையும் உண்டு. 'இது சொத்தே அல்ல' என்று எந்த நீதிபதியாலும் எளிதில் தட்டிக்கழிக்க முடியாத வடிவம். 1981-ல் டவுன்ஸ்வில்லில் நடந்த நில உரிமை மாநாட்டில் வழக்குத் தொடுப்பதென்று முடிவாயிற்று. 1982 மே 20 அன்று எடி மாபோ, சாம் பாஸி, டேவிட் பாஸி, செலூயா மாப்போ சாலீ, ஜேம்ஸ் ரைஸ் ஆகிய ஐவரும் நேராக ஹை கோர்ட்டிலேயே மனு போட்டார்கள். ரான் காஸ்டன், பிரையன் கியோன்-கோஹன், கிரெக் மெக்கின்டயர் ஆகியோர் வழக்கறிஞர்கள்.

நடுவழியில் ஒரு சட்டம்

குயின்ஸ்லாந்து அரசு 1985-ல் ஒரு காரியம் செய்தது. தீவுகள் இணைக்கப்பட்ட 1879-லேயே, அங்கிருந்த எல்லாப் பழைய உரிமைகளும் நீங்கி நிலம் அரசிடம் வந்துவிட்டது, இழப்பீடு எதுவும் கிடையாது என்று அறிவிக்கும் ஒரு சட்டத்தை இயற்றியது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வழக்கின் பொருளையே நூறு வருடத்துக்கு முன்தேதியிட்டு அழிப்பதுதான் நோக்கம். இதை எதிர்த்து வாதிகள் போனதே மாபோ வழக்கு எண் 1. 1988 டிசம்பரில் நான்குக்கு மூன்று என்ற கணக்கில் ஹை கோர்ட் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. 1975-ஆம் ஆண்டின் மத்திய இனப்பாகுபாட்டுத் தடுப்புச் சட்டத்துக்கு அது முரண், மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும் என்பது காரணம். ஒரே ஒரு நீதிபதி அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

சாட்சிக் கூண்டில் ஒரு தீவு

உண்மைகளை விசாரித்துச் சொல்லும்படி ஹை கோர்ட் வழக்கைக் குயின்ஸ்லாந்து உச்ச நீதிமன்றத்துக்கு (பெயரில்தான் உச்சம், ஹை கோர்ட்டுக்குக் கீழே உள்ள மாநில நீதிமன்றம் அது) அனுப்பியிருந்தது. நீதிபதி மொய்னிஹன் விசாரித்தார். 1989-ல் நீதிமன்றமே மெர் தீவுக்குப் போய் அமர்ந்தது.

நிலவழக்கு என்றால் பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல் என்று காகிதம் கேட்பதுதான் நீதிமன்றப் பழக்கம். மெரியம் மக்களிடம் காகிதம் இல்லை, வாய்மொழி இருந்தது. "இந்த இடம் எனக்கு என்று என் தாத்தா காட்டினார்" என்று சாட்சி சொன்னால், அது செவிவழிச் செய்தி என்று அரசுத் தரப்பு எழுந்து நிற்கும். மீண்டும் மீண்டும் ஆட்சேபம். செத்துப்போன தாத்தாவைக் கூண்டில் ஏற்ற முடியாது. எழுத்து இல்லாத சமூகத்துக்குத் தாத்தாவின் வாய்தானே பத்திரம்? ஆட்சேபங்களை அப்போதைக்கு அப்போதே தீர்க்காமல், சாட்சியத்தைப் பதிவு செய்துகொண்டே விசாரணை நகர்ந்தது. அது ஒன்றுதான் இந்த வழக்கைக் காப்பாற்றியது என்பேன்.

சாட்சியங்களில் திரும்பத் திரும்ப வந்தது மாலோவின் சட்டம். மாலோ மெரியம் மக்களின் தெய்வம், எண்காலி வடிவில் வந்தவர். அவர் சட்டத்தின் சாரம் எளியது: உன்னுடையது அல்லாததைக் கையால் தொடாதே, பிறர் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைக்காதே. தோட்ட எல்லையை மதிக்கச் சொல்வதே ஒரு தெய்வ வாக்காக இருக்கும் ஊரில் நிலவுடைமை இல்லை என்று வாதாடவேண்டிய நிலை குயின்ஸ்லாந்து வக்கீல்களுக்கு.

காகிதமும் முற்றிலும் இல்லாமல் போகவில்லை, எதிர்பாராத இடத்தில் இருந்தது. 1898-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ஆல்ஃபிரட் ஹேடன் தலைமையில் வந்த மானிடவியல் குழு மெரில் தங்கி, நில வழக்கங்களைக் குறித்து வைத்திருந்தது. அதைவிட முக்கியமானவை தீவு நீதிமன்றத்தின் பதிவுகள். குயின்ஸ்லாந்து நிர்வாகத்தின் கீழேயே இயங்கிய அந்த மன்றம், தீவுக்காரர்களின் தோட்டத் தகராறுகளை அவர்களின் வழக்கப்படியே காலங்காலமாகத் தீர்த்துவந்திருக்கிறது. நிலம் உங்களுடையதல்ல என்ற அரசின் நிழலிலேயே, இந்த நிலம் இன்னாருடையது என்று தீர்ப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

1990 நவம்பரில் மொய்னிஹன் தம் முடிவுகளைக் கொடுத்தார். மெரியம் மக்கள் நிலத்தோடு நீடித்த உறவு உடையவர்கள் என்பதை ஏற்றார். ஆனால் எடி மாபோ தனிப்பட்ட முறையில் கேட்ட நிலங்களை ஏற்கவில்லை. பென்னி மாபோவின் தத்துப்பிள்ளை, வாரிசு என்ற மாபோவின் கூற்று நீதிபதிக்கு நிரூபணமாகத் தோன்றவில்லை. தன் பெயரில் நடக்கும் வழக்கில் தன் நிலமே தனக்கில்லை என்று கேட்க நேர்ந்த மனிதரின் நிலையை நினைத்துப் பாருங்கள். மேற்கொண்டு அதைத் துரத்தினால் மொத்த வழக்கும் ஆபத்தில் விழும் என்பதால், டேவிட் பாஸி, ஜேம்ஸ் ரைஸ் ஆகியோரின் தோளில் வழக்கு முன்னே போயிற்று. 1991 மே மாத இறுதியில் கான்பெராவில் நான்கு நாள் வாதம் நடந்தது. தீர்ப்பு வருவதற்கு ஐந்து மாதங்கள் இருக்கையில், 1992 ஜனவரி 21 அன்று, புற்றுநோயில் எடி மாபோ இறந்துபோனார். வயது 55.

மூன்று கேள்விகள்

ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒரு பக்கம், டாசன் ஒருவர் மறுபக்கம். முதன்மைத் தீர்ப்பு பிரென்னனுடையது, அதோடு தலைமை நீதிபதி மேசனும் மெக்ஹ்யூவும் ஒத்துப்போனார்கள். டீனும் காட்ரனும் சேர்ந்து ஒன்றும், டூஹி தனியாக ஒன்றும் எழுதினார்கள்.

முதல் கேள்வி, பிரிட்டனின் இறையாண்மையே செல்லுமா என்பது. அதை நீதிமன்றம் தொடவில்லை. ஒரு நாடு நிலத்தைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதை அந்த நாட்டின் நீதிமன்றமே கேள்வி கேட்க முடியாது என்று ஒதுக்கிவிட்டது. பலருக்கு இது பெரிய குறை. கொடி வந்த விதத்தைக் கேட்காத தீர்ப்பு என்ற விமர்சனம் இன்றும் உண்டு, அதில் நியாயமும் உண்டு.

இரண்டாவது கேள்விதான் வழக்கின் உயிர். இறையாண்மை வந்தால் நிலவுடைமையும் தானாக வருமா? ஆங்கில நிலச் சட்டத்தில் எல்லா நிலமும் கடைசியில் அரசரிடமிருந்து பெற்றதாகவே கருதப்படும். பிரென்னன் இந்தக் கருத்தை இரண்டாகப் பிரித்தார். அரசுக்குக் கிடைப்பது மூல உரிமை மட்டும். மானியம் கொடுக்கவும், பொதுத் தேவைக்கு எடுக்கவும் உள்ள அதிகாரம் அது. நிலத்தை ஆண்டு அனுபவிக்கும் முழு உரிமை வேறு. முன்பே ஆட்கள் அனுபவித்துவரும் இடத்தில் அந்த இரண்டாவது உரிமை அரசுக்குப் போகவே இல்லை, மக்களிடமே தங்கிவிட்டது. மூல உரிமைக்கு மேல் சுமையாக அது உட்கார்ந்திருக்கிறது. யாரும் இல்லாத இடம் என்று கற்பனை செய்தால்தான் இரண்டும் ஒன்றாகும். அந்தக் கற்பனையைத்தான் நீதிமன்றம் கிழித்தெறிந்தது.

பழைய தீர்ப்புகள் இரண்டு பக்கமும் இழுத்தன. அதில் நம் துணைக்கண்டத்து வழக்கு ஒன்றும் உண்டு. குஜராத்தின் பஞ்ச மஹால் நிலங்கள் பற்றி 1924-ல் பிரிவி கவுன்சில் தீர்த்த வஜேசிங்ஜி வழக்கில், புதிய ஆட்சி ஏற்றுக்கொண்ட உரிமைகள் மட்டுமே செல்லும், பழைய ஆட்சியில் இருந்தவை தானாக வராது என்றார்கள். அதற்கு மூன்றாண்டு முன்பு லாகோஸ் நிலம் பற்றிய அமோடு திஜானி வழக்கில், ஆட்சி மாறினாலும் குடிகளின் உரிமைகள் குலையாமல் தொடர்வதாகவே கொள்ளவேண்டும் என்றிருந்தார்கள். மாபோ பெரும்பான்மை இந்த இரண்டாவது வழியில் நடந்தது. சில பழங்குடிகள் சமூகப் படிநிலையில் மிகத் தாழ்ந்தவர்கள், ஆகவே உரிமையற்றவர்கள் என்ற 1919-ஆம் ஆண்டுத் தெற்கு ரொடீசியா தீர்ப்பின் எண்ணத்தை, இனி ஆஸ்திரேலியச் சட்டத்தில் இடமில்லை என்று பிரென்னன் தள்ளினார். இனப்பாகுபாட்டுக் காலத்தில் உறைந்துபோனதாகச் சட்டம் இருக்கக்கூடாது, அப்படித் தோன்றவும் கூடாது என்பது அவர் நிலை. டீனும் காட்ரனும் இன்னும் ஒரு படி மேலே போய், பூர்வகுடிகளிடமிருந்து நிலம் பறிக்கப்பட்டதைச் சொல்லில் அடங்காத அவமானம் என்றே எழுதினார்கள். பெரும்பான்மை தன் விதியை மூன்று தீவுகளோடு நிறுத்தாமல் கண்டம் முழுவதற்கும் விரித்தது. தேவையில்லாமல் விரித்தார்கள் என்பவர்கள் உண்டு. தோட்டம் போட்டவனுக்கு ஒரு சட்டம், வேட்டையாடியவனுக்கு ஒரு சட்டம் என்று நிறுத்தியிருந்தால் பழைய படிநிலை வாதம் வேறு வாசல் வழியே உள்ளே வந்திருக்கும். விரித்தது சரிதான்.

இறுதி ஆணையின் சொற்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சில சிறு பகுதிகள் நீங்கலாக, மர்ரே தீவுகளின் நிலத்தை வைத்திருக்கவும் குடியிருக்கவும் பயன்படுத்தவும் அனுபவிக்கவும் மெரியம் மக்களுக்கு உலகம் முழுவதற்கும் எதிராக உரிமை உண்டு என்றது. யாருடைய தோட்டம் எது என்பதை அவர்களே தங்கள் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டது.

மூன்றாவது கேள்வியில்தான் எனக்கு மனத்தாங்கல். அரசு அந்த நிலத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால் பூர்வீக உரிமை என்னவாகும்? முரணான மானியம் கொடுத்தால் உரிமை அழிந்துவிடும் என்றார்கள். இருநூறு ஆண்டுகளாகக் கைமாறிய நிலங்களை எல்லாம் புரட்டிப்போட முடியாது, சட்டத்தின் எலும்புக்கூடே முறிந்துவிடும் என்பது பிரென்னனின் கவலை. அதுகூடப் புரிகிறது. ஆனால் அழித்ததற்கு இழப்பீடு? டீன், டூஹி, காட்ரன் மூவரும் தெளிவான சட்டம் இல்லாமல் அழித்தால் அது தவறு, ஈடு தரவேண்டும் என்றார்கள். பிரென்னன், மேசன், மெக்ஹ்யூ மூவரும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உட்படாத அழிப்புக்கு ஈடு இல்லை என்றார்கள். மூன்றுக்கு மூன்று. அப்படி ஓர் உரிமை இருந்தாலும் அது அரசின் தயவில் நிற்கும் அனுமதிதான் என்று கருதிய டாசனின் குரல்தான் தராசைச் சாய்த்தது. மறுப்புத் தீர்ப்பு எழுதியவரே இந்த ஒரு விஷயத்தில் பெரும்பான்மையை உருவாக்கினார். எவரிடமிருந்து எல்லாமே போயிற்றோ அவர்களுக்கே இந்தத் தீர்ப்பு மிகக் குறைவாகக் கொடுத்தது.

டாசனை வில்லனாக்கவேண்டியதில்லை. நில உரிமை கொடுப்பதானால் அதன் சட்டப் பொறுப்பும் தார்மீகப் பொறுப்பும் சட்டமன்றத்துடையது, நீதிமன்றத்துடையது அல்ல என்றார். ஆனால் 1985-ல் சட்டமன்றம் என்ன செய்தது என்பதைப் பார்த்தோமே.

அதற்குப் பிறகு

வீட்டுக் கொல்லைகூடப் பறிபோகும் என்று நாடெங்கும் பீதி கிளம்பியது. முழுவுரிமை நிலத்தில் பூர்வீக உரிமை முன்பே அழிந்துவிட்டது என்று தீர்ப்பே சொல்லியிருந்தும் அந்தப் பேச்சு ஓயவில்லை. 1993 டிசம்பரில் பிரதமர் கீட்டிங்கின் அரசு பூர்வீக நில உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. 1996-ன் விக் வழக்கில், மேய்ச்சல் குத்தகை இருந்தாலும் பூர்வீக உரிமை தானாக அழியாது என்று நான்குக்கு மூன்றில் தீர்ந்தது. அப்போது தலைமை நீதிபதியாக இருந்த பிரென்னன் அதில் மறுப்புப் பக்கம் நின்றார்.

மாபோ தீர்ப்பில் பிரென்னன் எழுதிய ஒரு வரி பின்னால் கடுமையாக வேலை செய்தது. வரலாற்றின் அலை பாரம்பரியச் சட்டத்தை அடித்துக்கொண்டு போயிருந்தால் உரிமை மீளாது என்ற வரி. தென்கிழக்கின் யோர்ட்டா யோர்ட்டா மக்களின் வழக்கில் 1998-ல் விசாரணை நீதிபதி இதையே பிடித்துக்கொண்டு அவர்களின் தொடர்ச்சி அறுந்துவிட்டது என்றார். அம்மக்களின் சொந்த வாய்மொழியைவிட, அவர்களின் நிலத்தில் வந்து அமர்ந்த எட்வர்ட் கர் என்ற பண்ணைக்காரர் எழுதிவைத்ததற்கே அங்கே கூடுதல் மதிப்புக் கிடைத்தது. 2002-ல் ஹை கோர்ட்டும் அந்த மக்களின் மேல்முறையீட்டைத் தள்ளியது. மெரில் தாத்தாவின் வாய்க்குக் கிடைத்த மரியாதை இங்கே கிடைக்கவில்லை.

மாபோவின் கல்லறைக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 1995 ஜூன் 3 அன்று டவுன்ஸ்வில்லில் கல்லறைக் கல் திறக்கப்பட்டது. அன்று இரவே அதில் ஸ்வஸ்திகாவும் இனவெறிச் சொற்களும் பூசப்பட்டு, அவருடைய வெண்கல முகச் சிற்பம் பெயர்த்தெடுக்கப்பட்டது. குடும்பத்தார் உடலை எடுத்துச் சென்று மெரில், அவர் பிறந்த லாஸ் கிராமத்தில், மீண்டும் அடக்கம் செய்தார்கள்.

இழப்பீட்டுக் கேள்வி மட்டும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2019-ல் டிம்பர் கிரீக் வழக்கில், நிலத்தின் விலையோடு பண்பாட்டு இழப்புக்கும் சேர்த்து ஈடு தரவேண்டும் என்று ஹை கோர்ட் உறுதி செய்தது. 2025 மார்ச் 12 அன்று, மத்திய அரசு எதிர் யுனுபிங்கு வழக்கில், பூர்வீக நில உரிமையும் அரசியல் சட்டம் காக்கும் சொத்துதான், வட ஆட்சிப்பகுதியை மத்திய அரசு நேரடியாக ஆண்ட காலத்தில் அதை எடுத்திருந்தாலும் நியாயமான ஈடு தந்தே எடுத்திருக்கவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எவ்வளவு ஈடு என்பது தனி விசாரணைக்கு விடப்பட்டது. வழக்கைத் தொடங்கிய கலர்வுய் யுனுபிங்கு 2023-லேயே காலமாகிவிட்டார். அந்த நிலம் இருப்பது கோவ் தீபகற்பத்தில், 1971-ல் நீதிபதி பிளாக்பர்ன் யோல்ஙு மக்களுடையதல்ல என்று சொன்ன அதே மண்ணில்.